தெரிந்த பைத்தியமும் தெரியாத பைத்தியமும்

தொப்பி தலையில் இருந்தால் பேசுவது பகுத்தறிவு. தொப்பி கைக்கு வந்துவிட்டால் பேசுவது அதன் எதிராளி. விடிந்ததும் விடியாததுமாக ஆர்கோஸ்டோலியின் கல்பாலத்தில் பனாயிஸ் வாத்தியார் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டே இரண்டு கட்சிக்கும் தானே வழக்காடுவார். "அது எப்படி ஐயா முடியும்?" என்று தொப்பியோடு ஒரு கேள்வி. உடனே தொப்பியைக் கழற்றி, குரலைச் சற்றுத் தடிமனாக்கி, "ஏன் முடியாதுங்கிறேன்?" என்று ஒரு பதில். பாலத்துச் சுவரில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மிதப்பை விட்டுக் கண்ணை எடுக்காமலே விசாரிப்பார்கள்.

"என்ன வாத்தியாரே, இன்னைக்கு யாரு கை ஓங்கியிருக்கு?"

"தொப்பிக்காரன் திணறுறான்."

"விடாதீங்க, இன்னொரு நடை போங்க!"

எதிராளி ஜெயித்துவிட்டால் வாத்தியார் பாலத்தை மறுபடி முதலிலிருந்து நடப்பார். தோற்ற வாதத்தோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது அவருக்கு ஆகாது. இதனால் சில நாட்கள் மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வாங்க வந்து சேருவார். தலைமையாசிரியர் முதலில் கோபித்துப் பார்த்தார், அப்புறம் கெஞ்சிப் பார்த்தார், இப்போது முதல் பாடவேளையை ஓவிய வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

ஆள் ஒல்லி, உயரம். கழுத்துப்பட்டை எந்த நாளும் நேராக இருந்தது கிடையாது. கோட்டுப் பையில் சுண்ணாம்புத் துண்டுகளும் சர்க்கரைப் பாகு ஏறிய வாதுமைகளும் ஒன்றாகக் கிடக்கும். யோசனையில் இருக்கும்போது வாய்க்கு எது போகிறது என்று அவருக்கே தெரியாது. மீன் சந்தையில் அவரைக் கண்டால் கடைக்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "புதுசா?" என்று கேட்டுவிட்டுப் போகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. "புதுசுன்னு உனக்கு எப்படித் தெரியும்? தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று நின்றுவிடுகிற மனிதரிடம் எந்த மீன்காரி வாய் கொடுப்பாள்?

எங்கள் கெஃபலோனியாத் தீவில் ஆளுக்கு ஒரு மரை கழன்றிருக்கும் என்பது கிரேக்க நாடு முழுக்கத் தெரிந்த சங்கதி. கப்பலில் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்கி ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவன் நெற்றிப்பொட்டுப் பக்கம் விரலைச் சுழற்றிச் சிரிப்பான். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். எங்களைக் காக்கிற புனிதரே பைத்தியம் தெளிவிக்கிறவர்தானே! சந்தையில் நின்று "யெராசிமே!" என்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும், அத்தனை பேருக்கு அந்தப் பெயர்தான். ஆகவே தொப்பியோடு பேசுகிற ஒரு தத்துவ வாத்தியாரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர் ஒரே ஒருவர். அவருடைய அண்ணன்.

அண்ணனிடம் போவதற்கு முன்னால் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டின் முதல் வாரத்தில் வாத்தியார் உயர்நிலை வகுப்புக்கு ஒரே ஒரு பரீட்சை வைப்பார். "நீ பைத்தியம் இல்லை என்பதை நிரூபி." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுப்பார்கள், பாதியில் சிரிப்பு நின்றுவிடும். நான் தெளிவாக யோசிக்கிறேன் என்று ஒருத்தி எழுதுவாள். பைத்தியமும் அப்படித்தானே எழுதும் என்று ஓரத்தில் வாத்தியார் குறிப்பார். எல்லாரும் என்னை நல்ல புத்தி உள்ளவன் என்கிறார்கள் என்று ஒருவன் எழுதுவான். எல்லாருமா, எந்த ஊரில், இந்த ஊரிலா என்று குறிப்பார். இதுவரை யாரும் தேறியது கிடையாது. ஆதிகாலத்து ஞானி ஒருவர் பித்துப் பிடிப்பது தெய்வம் தருகிற வரம் என்றாராம். பிற்பாடு வந்த இன்னொருவர் தன் கையையும் காலையும் கனவையும்கூடச் சந்தேகப்பட்டுப் பார்த்தாராம். பைத்தியக்காரர்களின் முறை வந்ததும் மட்டும், "அவர்கள் பைத்தியங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம். இந்த இடத்துக்கு வந்தால் பனாயிஸ் வாத்தியாருக்கு ரத்தம் கொதிக்கும். மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். "எல்லாத்தையும் சந்தேகப்பட்ட மனுஷன் இதை மட்டும் ஏன் விட்டான்? பயம்! பயந்தாங்கொள்ளி! கதவுக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறான்னு ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?"

கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அவர் வீட்டிலேயே இருந்தார். அண்ணன் மரினோஸ் சரக்குக் கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்தவர். ஒருநாள் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார். தீவு நங்கூரத்தை அறுத்துக்கொண்டுவிட்டது என்றார். அதன் பிறகு கப்பல் ஏறவில்லை. சன்னல் சட்டத்தில் ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பு ஒன்று தொங்குகிறது. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பார். "இன்னைக்கு ரெண்டு விரல் தெற்கே" என்று அறிவிப்பார். அப்புறம் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, வாசலைப் பெருக்கி, துளசித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாலையில் டாக்டர் கொடுத்த ஒரு மாத்திரையை விழுங்கிப் படுத்தால் காலைவரை நல்ல தூக்கம். சும்மா சொல்லக்கூடாது, தம்பியின் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவதுகூட அவர்தான்.

கோடை முடியும் நேரத்தில் அவர் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தன் மாத்திரையைத் தம்பியின் காப்பிக் கோப்பையின் தட்டில், கரண்டிக்குப் பக்கத்தில், ஒழுங்காக எடுத்துவைக்கத் தொடங்கினார்.

மாத்திரை போகாவிட்டால் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாவிட்டால் ஈயக்குண்டை விட்டு நகர மாட்டார். ஒரு மத்தியானம் மீன்பிடி படகுக்காரர்கள் அவரைக் கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து, போட்ட சட்டையோடு, இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார்கள். நங்கூரச் சங்கிலியைத் தேடிப் போனாராம். பனாயிஸ் வாத்தியார் அன்று வகுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். கரையில் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அழுதார். எல்லார் கண் முன்னாலும் நின்று அழுதார்.

டாக்டர் மெல்போ வீட்டுக்கே வந்தார். தெசலோனிக்கியிலிருந்து மாற்றலாகி வந்த இளம்பெண், பேச்சில் சுற்றி வளைப்பது இல்லை.

"சார், தீவு நகருதுன்னு அவர் சொல்றது தப்பே இல்லை. பூகம்ப ஆராய்ச்சி பண்றவங்களும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா அவங்க அதைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குறாங்க. உங்க அண்ணன் தூங்கலை."

"அப்ப தூக்கம்தான் வித்தியாசமா? இத்தனை வருஷம் நான் வேற என்னமோ பாடம் நடத்திட்டேனே அம்மா!"

"பாடம் கிடக்கட்டும். அக்டோபர்ல புனிதர் திருவிழா வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா பாத்ராவுக்கு அனுப்பியே ஆகணும். அடுத்த தடவை அவர் தண்ணில இறங்குறப்போ படகு பக்கத்துல இருக்கும்னு நீங்க எனக்கு எழுதிக் குடுப்பீங்களா?"

பாத்ரா என்றால் கடலைத் தாண்டிய பெரிய ஆஸ்பத்திரி. முன்பு ஒரு குளிர்காலம் முழுக்க மரினோஸ் அங்கே இருந்திருக்கிறார். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வந்தவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தீவு எங்கே போகிறது என்று கேட்பதற்கே அடுத்த கோடை வரவேண்டியிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று வாத்தியாருக்கு உயிர் வந்தது. இன்னொரு முறை அப்படி ஒரு நாற்காலியைப் பார்க்க அவரால் முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உப்புக் கருவாடு வைத்துச் சுட்ட மாவுப் பண்டமும் பூண்டு அரைத்த உருளைக்கிழங்கும். மரினோஸ் பரிமாறிவிட்டுத் தம்பியின் காப்பிக் கோப்பைத் தட்டைப் பார்த்தார்.

"என்னடா, மாத்திரை வெச்ச இடத்துலேயே இருக்கு?"

"அண்ணே, அது உன்னோடது."

"ஒருத்தருக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. முத்திப் போன கேஸை எதிர்ல உக்கார வெச்சுக்கிட்டு நான் எப்படிடா முழுங்குவேன்? என் தொண்டையில இறங்குமா?"

"யாரு முத்திப் போன கேஸ்?"

"பாலத்துல ஆளே இல்லாம பேசுற. சரி, நானும் பேசியிருக்கேன். ஆனா நீ உனக்கே பதில் வேற சொல்ற. தொப்பியைக் கழட்டினா வேற ஆளு, போட்டா வேற ஆளு. செத்துப்போய் ரெண்டாயிரம் வருஷம் ஆனவங்க மேல கோவப்பட்டு மேசையைத் தட்டுற. போன வாரம் உப்பைப் போட்டுக் காப்பி குடிச்ச, நல்லா இருக்குன்னு சொன்ன. பசங்களைக் கூப்பிட்டு, நீ பைத்தியம் இல்லைன்னு நிரூபிங்கிற. ஏண்டா, புத்தி உள்ளவன் கேக்குற கேள்வியா அது?"

வாத்தியார் சாப்பிடுவதை நிறுத்தினார். கைகளைத் துடைத்துக்கொண்டு, முறைப்படி, படிப்படியாகத் தன் புத்தி தெளிவாக இருப்பதை விளக்கினார். அருமையான விளக்கம். பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். மரினோஸ் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தம்பியின் தோளில் கை வைத்தார்.

"எவ்வளவு அழகா பேசுற! பாத்ராவுல என் பக்கத்துக் கட்டில்காரனும் இப்படித்தான் பேசுவான், பாவம்."

என்னத்தைச் சொல்ல! முப்பது வருடங்களாக அடுத்தவர் தாளில் அவர் போட்ட ஓரக்குறிப்பு இப்போது அவர் தாளில் விழுந்தது.

"இங்க பாரு," என்றார் மரினோஸ். "நான் பைத்தியம்னு எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னாங்க, நான் ஒத்துக்கிட்டேன். தெரிஞ்சவன் ஜாக்கிரதையா இருப்பான். உனக்குத் தெரியலை. அதாண்டா எனக்குப் பயமா இருக்கு. எனக்கப்புறம் உன்னை யாரு பாத்துப்பா?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வாத்தியார் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சரி, என்ன பண்ணா நீ நம்புவ?"

"திருவிழாவுக்கு வா. புனிதருக்குக் கீழ படு. நானும் பக்கத்துல படுக்குறேன், துணைக்கு. அப்புறம் நீ எதைச் சொன்னாலும் கேக்குறேன்."

இதற்கு என்ன பொருள் என்று எங்கள் தீவில் பிறந்த யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஓமலாப் பள்ளத்தாக்கின் மடத்திலிருந்து, கண்ணாடிப் பேழையில் நிற்கிற நிலையில், புனிதரின் அழியாத உடலைத் தூக்கிக்கொண்டு பெரிய மரத்தடிவரை ஊர்வலம் போகும். நோயாளிகளும் புத்தி பேதலித்தவர்களும் வழியில் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். பேழை அவர்கள் மேலாகக் கடந்து போகும். ஏன் படுத்தாய் என்று பிற்பாடு யாரும் யாரையும் கேட்கக்கூடாது. அது எழுதாத சட்டம். பனாயிஸ் வாத்தியார் வாலிபத்தில் இதைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் காரசாரமாக எழுதியவர். மடத்துச் சாமியார் அதைப் படித்துவிட்டு அவருக்கு ஒரு புட்டி திராட்சை மது அனுப்பிவைத்தார். இருவருக்கும் அன்றிலிருந்து நல்ல மரியாதை, ஆனால் வாத்தியார் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தது கிடையாது. திருவிழா நாளில் ஊரே காலியாகிவிடும். காப்பிக்கடைக்காரர் ஸ்டாத்திஸ் சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவர் தானே காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்.

அந்த ஸ்டாத்திஸிடம்தான் மறுநாள் யோசனை கேட்டார்.

"இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறீங்களே! போய்ப் படுங்க, எழுந்திரிங்க, முடிஞ்சது. நம்பணும்னு யாரு சொன்னா? அண்ணனுக்காக ஒரு நாடகம்."

"நாடகம்னா பொய்தானே?"

"ஆமா, பொய்தான். பைத்தியக்காரன்கிட்டப் பொய் சொல்றது பாவமா?"

"அதான்யா சிக்கல்," என்றார் வாத்தியார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் அவர்கிட்ட ஒரு தடவைகூடச் சமாளிச்சுப் பேசினதில்லை. தீவு நகருதுன்னா, எவ்வளவு வேகமா, எந்தப் பக்கம், எப்படித் தெரியும்னு கேட்டுச் சண்டை போட்டிருக்கேன். அவரும் போட்டிருக்கார். சும்மா தலையாட்டிட்டுப் போனா, இந்தாள்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு நான் முடிவு கட்டிட்டேன்னு அர்த்தம். நான்தான் அப்ப கதவைச் சாத்துறவன்."

"அப்ப நிஜமாவே படுங்க."

"நிஜமாப் படுக்கணும்னா, எனக்குப் பைத்தியம் இருக்கலாம்னு நான் நிஜமா நினைக்கணுமே!"

ஸ்டாத்திஸ் கோப்பையைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஒண்ணும் அவ்வளவு கஷ்டமாத் தெரியலையே, வாத்தியாரே," என்றார்.

அதன் பிறகு திருவிழாவரை பாலத்தில் தொப்பிக்காரன் ஒருநாளும் ஜெயிக்கவில்லை.

ஓமலாவில் திராட்சை அறுவடை முடிந்து கொடிகளில் இலைகள் பழுத்துக் கிடந்தன. பேருந்துகள், வாத்தியக் குழுக்கள், வறுத்த வாதுமை விற்பவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். கண்ணாடிபோல வெயில். மரினோஸ் காலையிலேயே தம்பிக்குச் சட்டை எடுத்துவைத்து, கழுத்துப்பட்டையைத் தானே நேராகக் கட்டிவிட்டு அழைத்து வந்திருந்தார். பல நாள் தூங்காத கண்கள் உள்ளே போயிருந்தன. ஆனாலும் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல உற்சாகமாக இருந்தார்.

வரிசையில் இடம் பார்த்து அவர் முதலில் படுத்துக்கொண்டார். பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினார். வாத்தியார் ஓரத்தில் நின்றார். எதிரே வாத்தியக் குழுவில் ஊதுகொம்போடு நின்ற பையன்களில் பாதிப்பேர் அவருடைய பழைய மாணவர்கள். ஒருவன் பார்த்துவிட்டான், பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். இருவரும் உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள்.

"என்னடா நிக்கிற?"

வாத்தியார் குனிந்தார்.

"அண்ணே, நான் உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கண்ணாடிப் பெட்டியில எனக்கு நம்பிக்கை இல்லை."

"அதை யாரு கேட்டா?"

"இன்னொண்ணு. நீ கேட்டதை யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். நான் பைத்தியம் இல்லைங்கிறதுக்கு என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லை. நிஜமாவே எனக்குத் தெரியலை, அண்ணே."

மரினோஸின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. "அதுக்குத்தானே வந்திருக்கோம்! தெரிஞ்சிருந்தா வீட்டுலயே இருந்திருக்கலாமே. படு, படு, வந்துட்டாங்க."

பனாயிஸ் வாத்தியார் படுத்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு, ஓர் ஊமைப் பெண்ணுக்கும் தன் அண்ணனுக்கும் நடுவில், மல்லாந்து படுத்தார். தரை குளிர்ந்திருந்தது. முதலில் வாத்திய ஓசை, அப்புறம் காலடிகள், அப்புறம் சாம்பிராணி வாசனை. தூக்கி வருகிறவர்களின் செருப்புகள் அவர் காதுக்குப் பக்கத்தில் மண்ணை நெரித்தன. வெள்ளிச் சட்டமும் கண்ணாடியும் வானத்தை மறைத்தன; ஒரு நிழல் முகத்தின் மேல் ஏறி, நெஞ்சைக் கடந்து, இறங்கிப் போயிற்று. அந்த நேரத்தில் அவருக்குப் பயமாக இருந்தது. சிறு வயதில் பூகம்பத்துக்குப் பயந்து அண்ணனின் போர்வைக்குள் புகுந்துகொண்டபோது இருந்ததே, அதே பயம். மரினோஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

ஊர்வலம் மரத்தடிக்குப் போய்விட்டது. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டார்கள். ஊமைப் பெண்ணை அவள் தாய் தூக்கி நிறுத்தி முத்தமிட்டாள். சகோதரர்கள் இருவரும் தரையிலேயே எழுந்து உட்கார்ந்தார்கள்.

"எப்படிடா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு, அண்ணே. உனக்கு?"

"எனக்கும் அப்படியேதான்." மரினோஸ் சற்று யோசித்தார். "தீவு நகருது. இப்பக்கூட."

"எந்தப் பக்கம்?"

"தெற்கே."

"வேகமாவா?"

"இல்லை. அவசரம் ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். முன்பல்லால் கவனமாகக் கடித்து இரண்டாக்கினார். ஒரு பாதியைத் தன் நாக்கில் வைத்து விழுங்கினார். மற்றப் பாதியை உள்ளங்கையில் வைத்துத் தம்பியின் பக்கம் நீட்டினார்.

பனாயிஸ் வாத்தியார் வாயைத் திறந்தார்.